அலையாத்தி இலையில் கிடைத்த கடல் நுண்ணுயிரி: குடுவையில் நல்ல டிஎச்ஏ, நொதிகலனில் குறைவது ஏன்?

உப்பங்கழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடல்வாழ் நுண்ணுயிரிகளிலிருந்து டிஎச்ஏ போன்ற ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களைப் பெறுவது குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். வனத்துறையின் அனுமதியுடன் பிச்சாவரத்தில் வெண்கண்டல் மரங்களின் அடியில் விழுந்து ஊறிக் கிடந்த இலைகளைச் சேகரித்து, அவற்றைக் கடல்நீரில் இட்டு, மேலே பைன் மரத்தின் மகரந்தத்தைத் தூவி, அந்தத் துகள்களில் வந்து ஒட்டி வளர்ந்தவற்றைப் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்த தட்டுகளில் பிரித்தெடுத்தேன். கிடைத்தவை திராஸ்டோகைட்ரிட் என்ற ஒற்றைச் செல் கடல் உயிரிகளின் குழுவைச் சேர்ந்தவை. அவற்றுள் மிகுந்த எண்ணெய் சேர்க்கும் ஒன்றை மரபணு வரிசையின்படி ஆரண்டியோகைட்ரியம் என்று அடையாளம் கண்டிருக்கிறேன்.

குடுவையில், பாதி அடர்த்தியுள்ள கடல்நீரில், லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸும் 5 கிராம் ஈஸ்ட் சாறும் கொடுத்து 28 டிகிரியில் வளர்த்தபோது, லிட்டருக்கு 14 கிராம் உலர் செல்களும் அவற்றில் 42 சதவீதம் எண்ணெயும் கிடைத்தன. மொத்தக் கொழுப்பு அமிலங்களில் 38 சதவீதம் டிஎச்ஏ. மகிழ்ச்சியுடன் 5 லிட்டர் நொதிகலனுக்கு (காற்றையும் கலக்கலையும் கட்டுப்படுத்தி நுண்ணுயிரிகளை வளர்க்கும் கலம்) மாற்றினேன். செல்கள் விரைந்து பெருகட்டும் என்று குளுக்கோஸை 100 கிராமாகவும் ஈஸ்ட் சாற்றை 20 கிராமாகவும் உயர்த்தினேன். கரைந்த ஆக்சிஜன் 40 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி இறுதிவரை பார்த்துக்கொண்டேன். நுரை பொங்கியபோதெல்லாம் சிறிது சூரியகாந்தி எண்ணெய் விட்டு அடக்கினேன். 96 மணி நேரத்தில் 31 கிராம் செல்கள் கிடைத்தன, ஆனால் எண்ணெய் 29 சதவீதமாகவும் டிஎச்ஏ 24 சதவீதமாகவும் இறங்கிவிட்டன. குளுக்கோஸ் லிட்டருக்கு 22 கிராம் மீதமிருந்தது. உறைநிலை உலர்த்தி பழுதாக இருந்ததால், இந்த மாதிரிகளை மட்டும் சூட்டடுப்பில் 60 டிகிரியில் இரண்டு நாள் உலர்த்தினேன்.

என் கேள்விகள் இரண்டு. தவறு எங்கே நிகழ்ந்தது? இந்த உயிரியை வைத்து நம் கரையோரத்தில் சிறிய அளவிலாவது பொருளாதார ரீதியாக ஏதேனும் செய்ய இயலுமா, அல்லது சூரிய ஒளியில் வளரும் நுண்பாசிகளின் பக்கம் திரும்புவது நல்லதா? என் வழிகாட்டி இரண்டாவதையே விரும்புகிறார்.

நொதிகலன் எழுதியது:

வணக்கம் அம்மா. நீங்கள் எண்களை மறைக்காமல் தந்திருப்பதால் பதில் சொல்வது எளிதாகிறது. பதினெட்டு ஆண்டுகளாக நொதித்தல் ஆலைகளில் பணியாற்றி வருகிறேன், அவற்றுள் ஆறு ஆண்டுகள் இந்தக் குழு உயிரிகளுடன்.

முதலில் நைட்ரஜனைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஈஸ்ட் சாற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நைட்ரஜன்; ஆகவே உங்கள் நொதிகலனில் லிட்டருக்கு 2 கிராம் நைட்ரஜன் இருந்தது. 31 கிராம் செல்லில் 9 கிராம் எண்ணெயைக் கழித்தால் மிஞ்சுவது 22 கிராம்; அதில் நைட்ரஜன் 8 சதவீதம் என்று வைத்தால் 1.76 கிராம். அதாவது நீங்கள் அறுவடை செய்த நேரத்தில்கூட நைட்ரஜன் முழுமையாகத் தீர்ந்திருக்கவில்லை. இந்த உயிரி எண்ணெய் சேர்ப்பது பசியினால்தான். சர்க்கரை ஏராளமாக இருந்து, புரதம் கட்ட நைட்ரஜன் இல்லாதபோதுதான், செல்லின் சுவாசச் சுழற்சி இடையில் தடைப்பட்டு, அதன் இடைப்பொருளான சிட்ரேட் வெளியே கசிந்து, அதிலிருந்து கொழுப்பு கட்டப்படுகிறது. குடுவையில் குளுக்கோஸுக்கும் ஈஸ்ட் சாற்றுக்கும் விகிதம் 10க்கு 1. நொதிகலனில் அதை 5க்கு 1 ஆக்கிவிட்டீர்கள். உயிரி தன் வேலையைச் சரியாகவே செய்தது: நீங்கள் கொடுத்த நைட்ரஜனை வைத்துச் செல்களைப் பெருக்கியது. மீந்த 22 கிராம் குளுக்கோஸ் எண்ணெயாகியிருக்க வேண்டியது.

இரண்டாவது, ஆக்சிஜன். இங்கேதான் இந்த உயிரியின் அழகு இருக்கிறது. தாவரங்களும் விலங்குகளும் நீண்ட கொழுப்பு அமிலத்தைக் கட்டியபின், ஆக்சிஜன் தேவைப்படும் நொதிகளைக் கொண்டு ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பாகச் செதுக்குகின்றன. திராஸ்டோகைட்ரிட்டுகளோ, 2001ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியபடி, பாலிகீட்டைட் என்ற சேர்மங்களைக் கட்டும் இயந்திரத்தைப் போன்ற ஒரு பெரிய நொதித் தொகுப்பில், இரண்டிரண்டு கார்பனாகச் சங்கிலியை நீட்டும்போதே ஆறு இரட்டைப் பிணைப்புகளையும் வைத்துவிடுகின்றன. அதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை. ஆகவே பெருக்கக் கட்டத்தில் காற்றைத் தாராளமாகக் கொடுங்கள். நைட்ரஜன் தீர்ந்தபின் கரைந்த ஆக்சிஜனை 10 சதவீதத்துக்கும் கீழே இறங்க விடுங்கள். டிஎச்ஏயின் பங்கு ஏறுவதைக் காண்பீர்கள். இறுதிவரை 40 சதவீதத்தில் பிடித்து வைத்தது நல்ல எண்ணத்தில் செய்த தவறு.

மூன்றாவது, இப்போது உங்களுக்குத் தொந்தரவு தராவிட்டாலும் பின்னர் தரப்போகும் ஒன்று: உப்பு. கண்ணாடிக் கலத்தில் கடல்நீரை ஊற்றுவது சுலபம். எஃகுக் கலத்தில் அதை 121 டிகிரிக்குச் சூடேற்றினால் குளோரைடு எஃகைத் துளைக்கத் தொடங்கும். நான் முன்பு பணியாற்றிய ஓர் ஆலையில், குளிரூட்டும் சுருள்களின் பற்றவைப்பு ஓரங்களில் ஊசிமுனை அளவுக் குழிகள் விழுந்திருந்ததை, குளிர்நீர் உள்ளே கசிந்து ஒரு முழுத் தொகுதியும் பாக்டீரியாவால் கெட்டபின்தான் கண்டுபிடித்தோம். அந்த இரவை நான் மறக்கவில்லை. இந்த உயிரிகளுக்கு வேண்டியது சோடியமே. குளோரைடு மிகக் குறைவாக இருந்தால் போதும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஒமேகாடெக் நிறுவனத்தைத் தொடங்கிய பில் பார்க்லே இதை உணர்ந்து, சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்பேட்டைப் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். இதே குழுவைச் சேர்ந்த ஸ்கிசோகைட்ரியம் பெரிய எஃகுக் கலங்களுக்குள் நுழைய முடிந்ததற்கு இந்த எளிய மாற்றம் ஒரு முக்கியக் காரணம். ஒமேகாடெக்கை 2002இல் மார்டெக் வாங்கியது. மார்டெக்கை 2011இல் டிஎஸ்எம் வாங்கியது. நீங்கள் பிரித்தெடுத்த ஸ்ட்ரெயினுக்கு, அதாவது அந்த உயிரி வகைக்கு, சல்பேட் ஊடகம் ஒத்துவருகிறதா என்று இப்போதே குடுவையில் பார்த்துவிடுங்கள். ஒத்துவராவிட்டால் அதை அறிய வேண்டிய நேரமும் இதுவே.

ஒளியா இருளா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

கொழுப்பாய்வு எழுதியது:

மேலே நண்பர் சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் ஒரு வேதியியலராக எனக்கு வேறொரு ஐயம் எழுகிறது: 24 சதவீதம் என்ற அந்த எண்ணையே நான் நம்பவில்லை. உங்கள் இரண்டு அளவீடுகளும் ஒரே முறையில் நடந்தவை அல்ல.

டிஎச்ஏயில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே அகப்பட்ட கார்பன்கள் ஐந்து உள்ளன. ஆக்சிஜன் முதலில் தாக்கும் இடங்கள் அவையே. சூரியகாந்தி எண்ணெயில் மிகுந்துள்ள லினோலிக் அமிலத்தில் அத்தகைய இடம் ஒன்றே ஒன்று. அந்த எண்ணெயே திறந்து வைத்தால் சிக்கு வாடை அடிக்கிறது என்றால், கழுவி, சுழற்றி, ஓரளவு செல் உடைந்த கூழைக் காற்றில் 60 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் டிஎச்ஏ என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அதில் ஒரு பகுதி உங்கள் சூட்டடுப்பிலேயே அழிந்திருக்கும். மாதிரியை எடுத்தவுடன் உறைய வைத்து, உறைநிலையிலேயே உலர்த்துங்கள். உலர்த்தி பழுதாக இருந்தால், ஈரக் கூழை நைட்ரஜன் ஊதி மூடி, மைனஸ் 80 டிகிரியில் காத்திருக்க வையுங்கள். அவசரப்பட்டு அடுப்பில் வைக்க வேண்டாம்.

அடுத்து, அந்தச் சூரியகாந்தி எண்ணெய். கொழுப்பு அமிலங்களைத் தனித்தனி முகடுகளாகக் காட்டும் உங்கள் குரோமட்டோகிராமை எடுத்து, 18 கார்பனும் இரண்டு இரட்டைப் பிணைப்பும் உள்ள லினோலிக் அமிலத்தின் முகட்டைத் தேடிப் பாருங்கள். திராஸ்டோகைட்ரிட்டுகளில் அது மிகச் சிறிதாகவே இருக்கும். பெரிய முகடு தென்பட்டால், அது நுரையடக்க நீங்கள் ஊற்றிய எண்ணெய் செல்களோடு சேர்ந்து வந்தது என்று பொருள். அது மொத்தத்தைப் பெருக்கி, டிஎச்ஏயின் பங்கைச் சிறிதாக்கிக் காட்டும். சிலிக்கோன் அல்லது பாலிகிளைக்கால் வகை நுரையடக்கிக்கு மாறுங்கள்.

சதவீதத்தை மட்டும் எழுதும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கிராம் உலர் செல்லில் எத்தனை மில்லிகிராம் டிஎச்ஏ, ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்று எழுதுங்கள். நீங்கள் தந்த எண்களை வைத்து நான் கணக்கிட்டேன்: குடுவையிலும் நொதிகலனிலும் லிட்டருக்கு ஏறத்தாழ 2 கிராம் டிஎச்ஏதான் கிடைத்திருக்கிறது. இரண்டு மடங்கு செல் இருந்தும் விளைச்சல் அதேதான். சதவீதங்களைப் பார்த்தால் இது கண்ணில் படுவதில்லை. இந்த அளவீட்டிற்கு மாதிரியுடன் ஓர் உள் அளவுகோல், அதாவது அளவு தெரிந்த வேறொரு கொழுப்பு அமிலம், கலக்க வேண்டும். பலரும் 17 கார்பன் அமிலத்தைப் பயன்படுத்துவார்கள். உங்கள் உயிரி 15, 17 கார்பன் அமிலங்களைத் தானே உருவாக்கக்கூடியது என்பதால், 19 அல்லது 23 கார்பன் அமிலமே பாதுகாப்பானது. இதை அறியாமல் நான் என் இளமையில் ஓராண்டுத் தரவுகளைத் திருப்பி அளக்க வேண்டி வந்தது.

எண்ணெயாகப் பிரித்தெடுக்கும் கட்டம் வரும்போது மேலும் எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: ஹெக்சேன் இல்லாமலும் செய்யலாம். நொதித்தல் முடிந்த கலவையிலேயே புரதம் கரைக்கும் நொதியைச் சேர்த்துச் செல்சுவரைத் தளர்த்தி, சூடாக்கி, சுழற்றினால் எண்ணெய் மேலே பிரிகிறது. பிறகு பிசின் நீக்கி, அமிலம் நீக்கி, நிறம் நீக்கி, மணம் நீக்கி, டோகோஃபெராலும் ரோஸ்மேரிச் சாறும் சேர்த்து, நைட்ரஜன் அடியில் அடைக்க வேண்டும். எண்ணெய் காற்றால் கெட்ட அளவைக் காட்டும் பெராக்சைடு எண் 5க்குள் இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் தாமாக ஏற்றுக்கொண்ட வரம்பு. ஒவ்வொரு படியிலும் காற்றுதான் எதிரி.

நொதிகலன் எழுதியது:

சூட்டடுப்பையும் சூரியகாந்தி எண்ணெயையும் நான் கவனிக்கத் தவறிவிட்டேன், கொழுப்பாய்வு அம்மையாருக்கு நன்றி.

இப்போது ஒளியா இருளா என்ற கேள்வி. உங்கள் வழிகாட்டியின் எண்ணத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் சூரிய ஒளி விலையில்லாதது, சர்க்கரையோ விலைக்கு வாங்க வேண்டியது. கொழுப்பு சேர்க்கும் உயிரிகள் 100 கிராம் குளுக்கோஸிலிருந்து கோட்பாட்டளவில் 32 கிராம் எண்ணெய்தான் கட்ட முடியும். நடைமுறையில் 20 கிராம் வந்தால் நல்ல ஆலை. எனவே ஒரு கிலோ எண்ணெய்க்கு 5 கிலோ சர்க்கரை. இந்தக் கணக்கால்தான், நுண்ணுயிரி எண்ணெயை வண்டிகளுக்கு எரிபொருளாக விற்க முயன்றவர்கள் நிலைக்க முடியவில்லை. பாசியிலிருந்து டீசல் எடுக்க அமெரிக்க எரிசக்தித் துறை 1978 முதல் 1996 வரை ஒரு பெரிய ஆய்வுத் திட்டத்தை நடத்திவிட்டு, பெட்ரோலிய விலையோடு போட்டியிட இயலாது என்று கண்டு நிறுத்தியது. கலிஃபோர்னியாவின் சொலசைம் நிறுவனம் எரிபொருளில் தொடங்கி, டெராவியா என்று பெயர் மாறி உணவுக்கு வந்து, 2017இல் திவாலானது. பிரேசிலில் கரும்புச் சர்க்கரையைக் கொண்டு இயங்கும் அதன் ஆலையை வாங்கிய கார்பியான் நிறுவனம், இன்று அங்கே மீன் தீவனத்திற்கு டிஎச்ஏ உற்பத்தி செய்கிறது.

ஆனால் நீரின் கணக்கைப் பாருங்கள். நானோகுளோராப்சிஸ் போன்ற ஒளிப்பாசி திறந்த குளத்தில் லிட்டருக்கு அரை கிராம் முதல் ஒரு கிராம் வரைதான் அடர்ந்து வளரும். அதற்குமேல் ஒரு செல்லின் நிழல் அடுத்த செல்லின் மேல் விழுந்துவிடும். ஆயிரம் லிட்டரைச் சுழற்றி வடித்தால் அரைக் கிலோ செல், அதில் நூறு கிராம் சொச்சம் எண்ணெய். திராஸ்டோகைட்ரிட்டுகளை இருளில், சர்க்கரை ஊட்டி, நல்ல ஆலையில் லிட்டருக்கு 100 கிராமுக்கும் மேல் வளர்க்கிறார்கள். அதே ஆயிரம் லிட்டரில் 100 கிலோ செல், 50 கிலோ எண்ணெய். நீரைப் பிரிக்கும் செலவு எங்கே போய் நிற்கிறது என்பதை நீங்களே உணர்வீர்கள். இபிஏ என்ற மற்றோர் ஒமேகா-3 அமிலம்தான் வேண்டும், இடமும் வெயிலும் உப்புநீரும் ஏராளம் என்றால் ஒளிப்பாசியைக் கருதலாம். டிஎச்ஏ வேண்டும் என்றால் உங்கள் கையில் இருப்பதே சிறந்தது. நீங்கள் அதை மாற்ற வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு சொல். பெயரளவில் "பாசி எண்ணெய்" என்று விற்றாலும் இது பாசியே அல்ல. பசுங்கணிகம் இல்லாத, அழுகும் இலையை உண்டு வாழும் ஓர் உயிரி. பழுப்புப் பாசிகளுக்கும் டயட்டம்களுக்கும் தூரத்து உறவு. உங்கள் ஆய்வேட்டில் அதைத் துல்லியமாக எழுதுங்கள்.

இறால்கரை எழுதியது:

வணக்கம். நான் மரக்காணம் பகுதியில் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் பணிபுரிகிறேன். ஆலை, எஃகு ஆகியவை பற்றி எனக்குத் தெரியாது; வாங்குபவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் எண்ணெய் எடுக்கவே வேண்டியதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. கொடுவாய் போன்ற கடல்மீன்களின் இளங்குஞ்சுகளுக்கு நாங்கள் ரோட்டிஃபர், ஆர்ட்டீமியா என்ற மிகச் சிறிய நீர்வாழ் உயிரினங்களை உயிருடன் ஊட்டுகிறோம். ஆர்ட்டீமியாவில் இயல்பாக டிஎச்ஏ மிகக் குறைவு. கொடுத்தாலும் அதில் ஒரு பகுதியை அது இபிஏயாக மாற்றிவிடும். ஆகவே மீன்குஞ்சுக்குக் கொடுப்பதற்கு முந்தைய 12 முதல் 24 மணி நேரத்திற்குள் அதற்கு டிஎச்ஏ மிகுந்த உணவை ஊட்டி வயிற்றை நிரப்பி, உடனே குஞ்சுக்குக் கொடுக்க வேண்டும். டிஎச்ஏ போதாத குஞ்சுகளின் கண்ணும் நரம்பும் சரியாக வளர்வதில்லை. இரையைக் குறிபார்த்துப் பிடிக்க முடியாமல் அவை மடிவதை நாங்கள் தொட்டியின் ஓரத்தில் நின்று பார்த்திருக்கிறோம். இதற்காக உலர்ந்த ஸ்கிசோகைட்ரியம் பொடியை இறக்குமதி செய்து வாங்குகிறோம், அதுவும் சில கிலோ கணக்கில்தான். உங்கள் செல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்றால், ஆர்ட்டீமியா அதை முழுதாகவே வடித்து உண்ணும். செல்லை உடைக்க வேண்டாம், சுத்திகரிக்க வேண்டாம், மணம் நீக்க வேண்டாம்.

மீன் எண்ணெய் கலந்த பால்மங்களும் சந்தையில் உண்டு. ஆனால் 2023இல் பெருவில் நெத்திலி வகை மீன்பிடிப்பின் முதல் பருவம் ரத்தானபோது மீன் எண்ணெயின் விலை உலகெங்கும் ஏறியது. அந்த ஆண்டு முதல் நான் மாற்று வழியைத் தேடிக்கொண்டே இருக்கிறேன். நார்வே சால்மன் தீவனத்திற்காக அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 2019இல் இபிஏயும் டிஎச்ஏயும் சேர்ந்த நுண்ணுயிரி எண்ணெய் ஆலையையே திறந்திருக்கிறார்கள் என்றால், நம் பொரிப்பகங்களுக்குச் சில நூறு லிட்டர்க் கலம் ஒன்று பெரிய கனவாகாது.

கொழுப்பாய்வு எழுதியது:

இறால்கரை நண்பரின் யோசனை மிகவும் பொருத்தமானது. குழந்தைகளின் பால்மாவில் சேர்க்கும் எண்ணெயாக உங்கள் புதிய ஸ்ட்ரெயினைக் கொண்டுபோக வேண்டுமானால், நச்சுத்தன்மைச் சோதனைகளும் ஒழுங்குமுறை ஆவணங்களும் பல ஆண்டுகளையும் பெரும் பணத்தையும் விழுங்கும். மார்டெக் தன் எண்ணெய்க்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் எதிர்ப்பின்மைக் கடிதத்தைப் பெற்றது 2001இல். அந்த நிறுவனம் தொடங்கியதோ 1985இல். தீவனத்தின் பாதை அதைவிடக் குறுகியது, பாதுகாப்புச் சோதனை அங்கேயும் தவிர்க்க முடியாதது என்றாலும்.

மறக்கக் கூடாத மற்றொன்று: உங்கள் உயிரி இந்திய மண்ணிலிருந்து எடுத்தது. வணிகப் பயன்பாட்டிற்கோ காப்புரிமைக்கோ போகும் முன், 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி செய்ய வேண்டியவற்றை விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது.

உப்பங்கழி எழுதியது:

ஏழு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்திற்குப் பொறுத்தருள்க.

அம்மையார் சொன்னபடி குரோமட்டோகிராமைத் திரும்பப் பார்த்தேன். லினோலிக் முகடு குடுவை மாதிரியில் கண்ணுக்குத் தெரியாத அளவிலும், நொதிகலன் மாதிரியில் தெளிவாகவும் இருந்தது. அதே ஓட்டத்திலிருந்து நல்ல வேளையாகச் சிறிது ஈரக் கூழை மைனஸ் 80 டிகிரியில் வைத்திருந்தேன். உலர்த்தி பழுது நீங்கியதும் அதை உறைநிலையில் உலர்த்தி, 23 கார்பன் அளவுகோலுடன் அளந்ததில், டிஎச்ஏ 31 சதவீதமாக வந்தது. ஆகவே வீழ்ச்சியில் பாதி என் அளவீட்டிலும் மீதி வளர்ப்பிலும் இருந்தது என்று கொள்கிறேன்.

அடுத்த ஓட்டத்தில் குளுக்கோஸை 100 கிராமாக வைத்து, ஈஸ்ட் சாற்றை 10 கிராமாகக் குறைத்தேன். நைட்ரஜன் 40ஆம் மணி நேரத்தை ஒட்டித் தீர்ந்தது. அதன்பின் கலக்கியின் வேகத்தைக் குறைத்து, ஆக்சிஜனை 10 சதவீதத்துக்குக் கீழே விட்டேன். அறுவடையில் லிட்டருக்கு 28 கிராம் செல், 47 சதவீதம் எண்ணெய், கொழுப்பு அமிலங்களில் 41 சதவீதம் டிஎச்ஏ. ஒரு கிராம் செல்லில் 182 மில்லிகிராம், லிட்டருக்கு 5.1 கிராம். செல் சற்றுக் குறைந்தும், திருத்திய அளவீட்டோடு ஒப்பிட்டால்கூட டிஎச்ஏ ஏறத்தாழ இரு மடங்கானதைப் பார்த்தபோது என் வழிகாட்டியும் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒளிப்பாசிக்கு மாறும் பேச்சு இப்போது இல்லை.

சல்பேட் ஊடகம் பாதி வெற்றிதான். கடல்நீர் முழுவதையும் நீக்கினால் செல்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகின்றன. கால் பங்கு கடல்நீரோடு சோடியம் சல்பேட்டைக் கலந்தால் வளர்ச்சி ஏறத்தாழ முன்போலவே இருக்கிறது. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தனியே சேர்த்து இதை மேலும் குறைக்க முயல்கிறேன். இப்படித் திரள்வதை நீங்கள் பார்த்ததுண்டா, நொதிகலன் ஐயா?

இறால்கரை அண்ணனுக்கு: 300 கிராம் உலர் செல்லைத் தூளாக்காமல், நைட்ரஜன் ஊதி, அலுமினியப் பைகளில் அடைத்து உறைபெட்டியில் வைத்திருக்கிறேன். செல்லின் விட்டம் 8 முதல் 15 மைக்ரான். ஆர்ட்டீமியாவுக்கு எந்த அளவில், எத்தனை மணி நேரம் ஊட்டுவீர்கள் என்று சொன்னால், ஊட்டிய ஆர்ட்டீமியாவின் மாதிரிகளை நானே வந்து எடுத்துக்கொண்டு போய் அளந்து தருகிறேன். தற்போது நீங்கள் வாங்கும் பொடியையும் பக்கத்துத் தொட்டியில் வைத்து ஒப்பிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.